கூரைமேல் ஏறி உள்ளே இறங்கும் வீடு: இரண்டு கனடா நூலகங்களின் கதை

வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் முதலில் கூரைமேல் ஏற வேண்டும். கூரை என்றாலும் பார்வைக்கு மண்மேடுதான். நாளானால் புல்லும் முளைத்துவிடும். உச்சியில் ஒரு திறப்பு. அடுப்புப் புகை அதன் வழியேதான் மேலே வரும், மனிதர்களும் அதன் வழியேதான் கீழே இறங்குவார்கள். இறங்குவதற்கு ஒற்றை மரத்தண்டு. கால் வைக்க அதில் பள்ளம் பள்ளமாகச் செதுக்கியிருப்பார்கள். இறங்கி நின்றால், வெளித்தரை உங்கள் தோள் உயரத்திலோ தலைக்கு மேலோ இருக்கும். வெளியே மைனஸ் 20 டிகிரி அடித்துக்கொண்டிருக்க, உள்ளே ஒரு சின்னத் தீயைச் சுற்றிச் சில குடும்பங்கள் குளிர்காலம் முழுவதையும் ஓட்டிவிடும்.

கனடாவின் மேற்கு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் உள்நாட்டுப் பகுதியில் செக்வெப்மக், சில்க்ஸ், ஸ்டாட்லியம் முதலிய பூர்வகுடிகள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த வீடு இது. வெளியார் பேச்சில் இதன் பெயர் கெகுலி. அந்தப் பெயர் இந்த மக்களில் யாருடைய தாய்மொழியிலிருந்தும் வந்ததில்லை. பசிபிக் கடற்கரையில் வியாபாரத்துக்காகப் புழங்கிய சினூக் கலப்புமொழியில் ‘கீழே’ என்று பொருள்படும் சொல், அப்படியே வீட்டின் பெயராக ஒட்டிக்கொண்டது. நாம் குழிவீடு என்றே சொல்லிக்கொள்வோம்.

இந்தக் குழிவீட்டை மாதிரியாகக் கொண்டு அதே மாகாணத்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள் நூலகக் கட்டடம் எழுப்பியிருக்கின்றன. ஒன்று 1993-ல், வான்கூவரில். மற்றொன்று 2011-ல், கம்லூப்ஸ் நகரில். ‘பழங்குடி மரபிலிருந்து பிறந்த பசுமைக் கட்டடம்’ என்ற வாசகத்தை இப்போதெல்லாம் எந்தக் கட்டட விளம்பரத்திலும் பார்க்கலாம். மரபிலிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். இந்த இரண்டு கட்டடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அந்தக் கேள்விக்கு வெவ்வேறு பதில்கள் கிடைக்கின்றன.

முதலில் மூல வீட்டைச் சரியாகப் புரிந்துகொள்வோம். ஆற்றை ஒட்டிய மேட்டுத்தரையில், தண்ணீர் தேங்காத மணல் கலந்த மண்ணாகப் பார்த்து இடம் தேர்வார்கள். சுமார் 6 முதல் 12 மீட்டர் விட்டத்தில் வட்டம் போட்டு, ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டுவார்கள். தோண்டும் கழிகளும் மண் அள்ளும் கூடைகளும்தான் கருவி. நடுவில் நான்கு தூண்கள், அவற்றின் மேல் சாய்வாக உத்தரங்கள், அதற்கும் மேல் நெருக்கமாகக் கழிகள், பிறகு மரப்பட்டையும் பைன் ஊசியிலையும். கடைசியாக, தோண்டிய மண்ணையே எடுத்து மேலே போட்டு மூடிவிடுவார்கள். ஊரே திரண்டு வந்து கைகொடுத்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். மரம் உளுத்துப்போனால் பிரித்துவிட்டு, பெரும்பாலும் அதே குழியில் மறுபடி கட்டுவார்கள். லில்லுயெட் ஊருக்கு அருகே கீட்லி கிரீக் என்ற இடத்தில் இப்படிப்பட்ட குழித்தடங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பெரியவை 20 மீட்டர் அகலம்.

இந்த வீடு கதகதப்பாக இருந்ததில் மாயமந்திரம் எதுவும் இல்லை. கிணற்றில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும், சித்திரை உச்சிவெயிலில் சில்லென்று இருக்கும். மண் வெப்பத்தை மெதுவாக வாங்கி மெதுவாக விடுகிறது. மண்ணின் தன்மையைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும் என்றாலும், இரண்டு மீட்டர் ஆழத்தில் மேலே உள்ள ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய பாதிதான் உணரப்படும். அதுவும் ஒன்றரை இரண்டு மாதம் தாமதமாக. ஜனவரியில் மேலே எல்லாம் உறைந்து கிடக்கும்போது, அடியில் உள்ள மண் இன்னும் நவம்பரிலேயே நிற்கும். அதற்கு மேல் காற்று படாத சுவர், மண் போர்த்திய கூரை, உள்ளே மனித உடல்களின் சூடு. பெரிய தீ தேவைப்படவில்லை.

வட்ட வடிவத்துக்கும் கணக்கு உண்டு. 10 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 78.5 சதுர மீட்டர், சுற்றளவு 31.4 மீட்டர். அதே பரப்பைச் சதுரமாகக் கட்டினால் சுற்றளவு 35.4 மீட்டர் ஆகிவிடும். அதாவது நான்கு மீட்டர் சுவர் கூடுதல். கட்டவும் கூடுதல், அதன் வழியே வெளியேறும் வெப்பமும் கூடுதல். கழியாலும் கூடையாலும் தோண்டுபவருக்கு நான்கு மீட்டர் சின்ன விஷயமாக இருந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கட்டடக் கலைஞர்கள் சிலநேரம் தவறவிடுவது இதைத்தான். குழிவீடு குளிர்கால வீடு; செக்வெப்மக் மக்களிடம் கதை சொல்லும் காலமும் குளிர்காலம்தான். வெளியே போய்ச் செய்ய வேலை குறைவு, இரவு நீளம், எல்லோரும் ஒரே தீயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த மலை எப்படி வந்தது, எந்த ஆற்றில் மீன் ஏன் இருக்கிறது, எந்தத் தவறுக்கு யார் கல்லானார் என்பதெல்லாம் அங்கேதான் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கைமாறியது. எழுத்து இல்லாத ஒரு மக்களுக்கு நூலகம் எங்கே இருந்தது என்று கேட்டால், அந்த மண்மேட்டைத்தான் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே குழிவீட்டைப் பார்த்து நூலகம் கட்டுவது வெறும் அலங்கார யோசனை இல்லை, அதில் உள்ளுக்குள் ஒரு பொருத்தம் இருக்கிறது.

அந்த வாழ்க்கை 19-ஆம் நூற்றாண்டில் குலைந்தது. 1862-ல் தொடங்கிய பெரியம்மை ஊர் ஊராகக் காலி செய்தது. குழிவீடுகள் கைவிடப்பட்டு மரக்கட்டை வீடுகள் வந்தன. அப்புறம் வந்தது விடுதிப்பள்ளி. கம்லூப்ஸில் 1890-ல் தொடங்கிய விடுதிப்பள்ளி ஏதாவதொரு வடிவில் 1978 வரை இயங்கியது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்த இடம். 2021 மே மாதம், நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கொண்டு அந்த வளாகத்தில் அடையாளமற்ற புதைகுழிகள் இருக்கக்கூடும் என்று அங்குள்ள பூர்வகுடி நிர்வாகம் அறிவித்தபோது உலகச் செய்தியானது அதே பள்ளிதான். பள்ளிக் கட்டடத்துக்கு அருகிலேயே செக்வெப்மக் அருங்காட்சியகமும், சுமார் 2,000 ஆண்டுப் பழமையான குளிர்காலக் கிராமத்தின் குழித்தடங்களும், புதிதாகக் கட்டிக் காட்டிய குழிவீடுகளும் இருக்கின்றன. எந்த வீட்டில் கதை கைமாறியதோ, அதன் பக்கத்திலேயே கதையை நிறுத்திய கட்டடமும் நிற்கிறது.

இனி வான்கூவர். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகம் இருப்பது மஸ்குவீம் மக்களின் நிலத்தில். எந்த ஒப்பந்தத்தின் மூலமும் அவர்கள் அதை விட்டுக்கொடுத்ததில்லை. அங்கே 1987-ல் பூர்வகுடிகளுக்கான கல்வி இல்லம் ஒன்று தொடங்கப்பட்டது. அதை வழிநடத்தியவர் கிரீ இனத்தைச் சேர்ந்த கல்வியாளர் வெர்னா கர்க்னஸ். பல்கலைக்கழகம் பூர்வகுடி மாணவரை வரவேற்பதென்றால் மரியாதை, அவர் வாழ்க்கையோடு பொருத்தம், கொடுக்கல் வாங்கல், பொறுப்பு ஆகிய நான்கும் வேண்டும் என்று 1991-ல் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் வாதாடியவர். அவர் காலத்தில் எழுந்ததுதான் 1993-ல் திறந்த நெடுவீடு: பருத்த சிடார் மரத்தூண்கள், செதுக்கிய வீட்டுக்கம்பங்கள், கடற்கரை சாலிஷ் மக்களின் கூடவடிவம். கட்டட வடிவமைப்பாளர் லாரி மெக்ஃபார்லண்ட். கனடா கட்டடக் கலையின் உயரிய அங்கீகாரமான கவர்னர் ஜெனரல் பதக்கம் அதற்குக் கிடைத்தது.

நெடுவீட்டின் பக்கத்தில் பாதி நிலத்துக்குள் இறங்கினாற்போல் ஒரு சிறிய வட்டக் கட்டடம் இருக்கிறது. அதுதான் ஹ்வைஹ்வா நூலகம். ஸ்குவாமிஷ் மொழியில் ‘எதிரொலி’ என்று பொருள். பெயர் வைத்தவர் ஸ்குவாமிஷ் தலைவர் சைமன் பேக்கர். ஆங்கில எழுத்தில் இந்தப் பெயரை எழுதும்போது நடுவில் 7 என்ற எண் வரும். அச்சுப்பிழையோ என்று முதலில் தோன்றும். தொண்டையை ஒரு நொடி அடைத்துத் திறக்கும் ஒலிக்கான குறி அது. தட்டச்சுப் பொறியில் அந்த ஒலிக்கு எழுத்து கிடையாது, எண் இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். குழந்தை எதையோ தொடப் போகும்போது ‘அ-ஆ’ என்று தடுப்போமே, அந்த இரண்டு எழுத்துக்கும் நடுவே தொண்டையில் விழும் பூட்டுதான் இது. பெயர்ப்பலகையை வாசிக்கும்போதே தடுக்கி நிற்க வைக்கும் நூலகம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கட்டடமாக மட்டும் பார்த்தால் எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. வான்கூவர் கடற்கரை ஊர். ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்கும் மேல், குளிர் மிதமானது. அங்கே வாழ்ந்தவர்கள் குழி தோண்டவில்லை, சிடார் பலகையில் நீண்ட வீடு கட்டினார்கள். ஈரமண்ணுக்குள் இறங்குவதைவிட மழையை வழித்துவிடும் கூரைதான் அந்த ஊருக்கு வேண்டியிருந்தது. அப்படியிருக்க உள்நாட்டு வறண்ட பூமியின் வீட்டை இங்கே கொண்டுவந்தது ஏன்? மாகாணம் முழுவதிலுமிருந்து மாணவர்கள் வரும் இடம், கடற்கரை மக்களுக்கு நெடுவீடு, உள்நாட்டு மக்களுக்குக் குழிவீடு என்ற சமநீதி அதில் இருக்கிறது. நியாயம்தான். ஆனால் தட்பவெப்பத்தின் கணக்கு அதில் இல்லை. இங்கே குழிவீடு ஓர் அடையாளமாக வந்திருக்கிறது, ஒரு கருவியாக வரவில்லை. இத்தனைக்கும் அமெரிக்கப் பசுமைக் கட்டடக் கவுன்சில் தொடங்கியதே 1993-ல்தான். கட்டடத்தின் பசுமைக்குப் புள்ளி போடும் அதன் லீட் மதிப்பீடு இன்னும் பிறக்கவில்லை. அன்றைக்கு யாரும் பசுமைப் புள்ளிகளுக்காக இதைக் கட்டவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கம்லூப்ஸ் கதை நேர்மாறு. வட தாம்சன், தென் தாம்சன் ஆறுகள் கூடும் இடம். செக்வெப்மக் பெயரான ட்கெம்லூப்ஸ் என்பதற்கும் கூடல் என்றுதான் பொருள். ஆண்டு மழை 280 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். கோடையில் 40 டிகிரியைத் தொடும், குளிர்காலத்தில் மைனஸ் 20-க்கும் கீழே போகும். மரங்களைவிடக் கொத்துப்புல்லும் சேஜ் புதரும் அதிகம் தெரியும் பழுப்பு மலைகள். குழிவீடு பிறந்த சீதோஷ்ணமே இதுதான்.

2005-ல் பல்கலைக்கழகமான தாம்சன் ரிவர்ஸ், தன் புதிய நூலகத்துக்கும் கற்றல் மையத்துக்கும் ஹவுஸ் ஆஃப் லேர்னிங் என்று பெயரிட்டது. பிறகு நன்கொடைக் குடும்பத்தின் பெயரும் முன்னால் சேர்ந்தது. நான்கு மாடி. வடிவமைத்தது டொரன்டோவின் டயமண்ட் ஷ்மிட் நிறுவனம், ஸ்டான்டெக் நிறுவனத்துடன் சேர்ந்து. லீட் தங்கச் சான்று பெற்ற கட்டடம். இதில் குழிவீடாக ஆனது முழுக் கட்டடமும் இல்லை, அதன் கூட்ட அரங்கு மட்டும்தான். வட்டமான அரங்கு, மேலே செடி வளரும் பசுமைக் கூரை, நடுவில் புகைத்துளையை நினைவூட்டும் கண்ணாடித் திறப்பு. புத்தகங்களும் வாசிப்பு மேசைகளும் சாதாரண நேர்க்கோட்டு மாடிகளில் இருக்கின்றன.

முதலில் இதைக் கேள்விப்பட்டபோது, ‘ஓகோ, மரபை ஒரு ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள்’ என்றுதான் நினைத்தேன். யோசிக்க யோசிக்க எண்ணம் மாறியது. வட்டத்துக்கும் புத்தக அலமாரிக்கும் ஒருபோதும் ஒத்துப்போகாது. புத்தகம் செவ்வகம், அலமாரி செவ்வகம், வட்டச் சுவரில் சாத்தினால் பின்னால் பிறைபோல் இடம் வீணாகும். சக்கர ஆரங்கள்போல் அடுக்கினால் வெளிப்பக்கம் ஆப்பு ஆப்பாக இடைவெளி விரியும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் புகழ்பெற்ற வட்ட வாசிப்புக்கூடத்திலும் 1857-ல் இதே முடிவுதான் எடுத்தார்கள்: ஆட்களுக்கு வட்டம், புத்தகக் கிடங்குக்கு அதைச் சுற்றி நேர்க்கோட்டு இரும்பு அடுக்குகள். குழிவீட்டிலும் வட்டம் ஆட்களுக்காகத்தான் இருந்தது, ஒரு தீயைச் சுற்றி எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரிவதற்காக. அப்படிப் பார்த்தால் கம்லூப்ஸ்காரர்கள் வட்டத்தைச் சரியான வேலையில் வைத்திருக்கிறார்கள். பேசுவதும் கேட்பதும் அதற்குள், எழுதியதும் வாசிப்பதும் வெளியே.

எடை என்று ஒரு விஷயமும் உண்டு, நூலகம் கட்டுகிறவர்களுக்கு இராத்தூக்கம் போவது இதில்தான். அலமாரிகள் நிறைந்த தளத்துக்குக் கனடாவின் கட்டட விதிகள் சதுர மீட்டருக்குச் சுமார் 730 கிலோ சுமையைக் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. அலுவலகத் தளத்துக்குக் கேட்பதைப்போல மூன்று மடங்கு. மண் கூரையும் சளைத்ததில்லை: 30 சென்டிமீட்டர் கனத்துக்கு நனைந்த மண் போட்டால் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டிவிடும், அதன்மேல் பனி வேறு. ஆகவே புத்தகத்தை நிலத்தோடு ஒட்டி வைப்பதும், மண் கூரையைப் புத்தக மாடிகளின் தலையில் ஏற்றாமல் தனி அரங்கின் மேல் வைப்பதும் கட்டுமானக் கணக்குக்கு இதமானவை. அதேசமயம் நிலத்துக்குள் போனால் ஈரம், ஈரம் வந்தால் பூஞ்சை. பழைய குழிவீட்டில் வடிகால் வேலையை ஆற்றோர மணலே செய்தது, பத்திருபது ஆண்டில் மரம் மாற்றினால் போதும். பல்கலைக்கழகம் ஐம்பது ஆண்டுக்குக் கட்டுகிறது. அதற்குக் கான்கிரீட் சுவர், நீர்த்தடுப்புப் படலம், வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு எல்லாம் வேண்டும். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட்டுடையது. மண்ணும் கழியும் பட்டையும் மட்டுமே செலவான வீட்டின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் எந்தக் கட்டடமும் இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. தங்கச் சான்று இதையெல்லாம் எடைபோட்ட பிறகு தரப்படுவதுதான் என்றாலும், மூல வீட்டின் பக்கத்தில் வைத்தால் அது வேறு தராசு.

சரி, கம்லூப்ஸ் நிலத்தோடு ஒத்துப்போகிறது, வான்கூவர் அந்த விஷயத்தில் பின்தங்கிவிட்டது என்று முடித்துவிடலாமா? முடியாது. ஹ்வைஹ்வாவின் பெரிய வேலை கூரையில் இல்லை, அலமாரிக்குள் இருக்கிறது.

வட அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் வகைப்பாட்டில் புத்தகம் அடுக்குகின்றன. அதில் பூர்வகுடிகளைப் பற்றிய நூல்கள் பெருமளவு அமெரிக்காக்களின் வரலாறு என்ற பிரிவின் தொடக்கத்தில், 75 முதல் 99 வரையிலான எண்களுக்குள் போய் விழும். இன்று உயிரோடிருந்து பட்டம் படிக்கும் மாணவியின் சமூகம், கொலம்பஸுக்கு முந்திய கதைபோல் வரலாற்றுக் கட்டுக்குள் கிடக்கும். அதற்குள்ளும் ஒவ்வொரு இனமும் அகர வரிசையில். நம் மாவட்டங்களை அப்படி அடுக்கிப் பாருங்கள்: தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நடுவில் தருமபுரி, திண்டுக்கல், திருநெல்வேலி எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே காவிரித் தண்ணீர் குடித்த இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது.

1970-களின் நடுவில், கானவாகே சமூகத்தைச் சேர்ந்த மோஹாக் நூலகர் பிரையன் டீர், தேசியப் பூர்வகுடி அமைப்பின் நூலகத்துக்காக வேறொரு வகைப்பாட்டை உருவாக்கினார். அண்டை மக்கள் அலமாரியிலும் அண்டையில் இருப்பார்கள். நிலம், ஆட்சி, கல்வி, மொழி என்று வாழும் சமூகத்துக்கு வேண்டிய தலைப்புகள் முன்னால் வரும். அதைப் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு ஏற்றபடி திருத்தியவர்களில் முக்கியமானவர் ஹ்வைஹ்வாவின் நிறுவன நூலகரான ஜீன் ஜோசப். நூலகத்தின் வேர் 1970-களில் பூர்வகுடி ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய ஒரு சிறு சேகரிப்பு. அது 1993-ல் இந்த வட்டக் கட்டடத்துக்குக் குடிவந்து, 2005-ல் பல்கலைக்கழக நூலகத்தின் அதிகாரபூர்வக் கிளையானது. பெரிய அமைப்பு ஒன்றின் கிளையாகச் சேரும்போது முதலில் பலியாவது இப்படிப்பட்ட தனிப் பழக்கங்கள்தான். இங்கே அது நடக்கவில்லை. டீரின் வரிசை அப்படியே இருக்கிறது. பிற நூலகங்களிலிருந்து வாங்கிய பதிவுகளை நகலெடுத்து ஒட்டும் வசதியை இழந்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் கையால் இடம் குறிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். சுவரை மாற்றுவது ஒருமுறைச் செலவு. வரிசையை மாற்றினால் ஒவ்வொரு புத்தகத்துக்கும், ஒவ்வொரு ஆண்டும் செலவு.

ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். செக்வெப்மக் மக்களின் குளிர்காலக் கதைத் தொகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வகைப்பாட்டில் அதைத் தேட, முதலில் அந்த மக்களின் பெயரையே ஆங்கிலேயர் நாக்கில் சிதைந்த ‘ஷுஸ்வாப்’ என்ற வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அகர வரிசையில் அதற்குச் சற்று முன்னால் ஷோஷோனி மக்கள், அவர்கள் ஊர் அமெரிக்காவின் ஐடஹோ, நெவாடா பக்கம். சற்றுப் பின்னால் சிக்ஸிகா மக்கள், அவர்கள் மலைத்தொடருக்கு அப்பால் ஆல்பர்ட்டா சமவெளியில். ஹ்வைஹ்வாவில் அதே தொகுப்பைத் தேடிப் போனால், பக்கத்தில் சில்க்ஸ் இருக்கும், ஸ்டாட்லியம் இருக்கும். அண்டை ஆற்று வெளிகளில் குழி தோண்டி, கூரைமேல் ஏறி வீட்டுக்குள் இறங்கியவர்கள்.